புதுப்பிப்பு: ஹோமாகம காணிக்கு எக்ஸ்கவேட்டர்

பழைய றப்பர், தென்னை மரங்களின் அடிக்கட்டைகள் கிடக்கும் காணிக்கு 3 தொன் எக்ஸ்கவேட்டரா (மண் தோண்டும் மெஷின்), 5 தொன்னா எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். 5 தொன் வகுப்பேதான். 3 தொன் மெஷின் கட்டையை இழுக்கும்போது கட்டை அசையாது, மெஷினின் பின்பக்கம்தான் தூக்கும்.

இன்னும் நிற்கும் மரம் என்றால், தரையோடு அறுக்காமல் ஒரு மீற்றர் விட்டு அறுப்பிக்க வேண்டும். நெம்புகோல் அதுதான். முதலில் ஒற்றைப்பல் றிப்பரால் (பக்கெட்டுக்குப் பதிலாகப் பூட்டும் கொக்கி போன்ற பல்) சுற்றிவர வேரை அறுத்து, ஒரு பக்கம் மண்ணை எடுத்து, பிறகு தள்ளலாம். பூமை (மெஷினின் பெரிய கை) பக்கவாட்டில் சுழற்றி மரத்தைத் தள்ளவே கூடாது. மெஷினின் மேற்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டரும் கியரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. பலா, ஈரப்பலா என்றால் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்காமல் கை வைக்க வேண்டாம்.

ஹைட்ரோலிக் தம்ப் (பக்கெட்டுக்கு எதிரே இருந்து கட்டையைக் கவ்வும் விரல்) பூட்ட மேலதிக ஹைட்ரோலிக் லைன் தேவை. பக்கெட் பின்னின் (பக்கெட்டைப் பூட்டும் இரும்பு ஆணி) விட்டத்தையும் ஆம் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் இடையிலுள்ள கை) முனையின் அகலத்தையும் கலிப்பரால் அளந்த பிறகே ஓடர் கொடுங்கள். தேய்ந்த புஷ்ஷில் (பின் சுழலும் உலோக வளையம்) புதுப் பக்கெட் போட்டால் ஆட்டம் போகாது.

ஏற்றும்போது லொறியின் தாங்குதிறனுக்கு மெஷின் எடையை மட்டும் பார்க்கக் கூடாது: பக்கெட்டுகள், தம்ப், டீசல், ட்ராக்கில் ஒட்டிய களி எல்லாம் சேரும். ஈரமான இரும்புச் சாய்தளத்தில் றப்பர் ட்ராக் வழுக்கும். மண்ணைக் கழுவிவிட்டு நேராக ஏற்றுங்கள், சாய்தளத்தில் திருப்ப வேண்டாம். பக்கெட்டை லொறித் தளத்தில் இறக்கி, நான்கு மூலையிலும் சங்கிலி, ஆமுக்குத் தனியாக ஒன்று. சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஒழுங்கைக்குள் திரும்புமுன் பூமின் உச்சி உயரத்தை அளந்து, தொங்கும் கேபிள்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.