அட்டாச்மென்ட்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

சு., அல்சூர்:
அனைவருக்கும் வணக்கம். கடனில் மாட்டிக்கொண்ட பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு சட்ட உதவிக் கையேடு தயாராகிறது. ஆங்கில மூலம் ஒரு வக்கீல் எழுதியது, தமிழாக்கம் என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாகணும். எல்லாம் ஒருவழியாக முடிந்து அட்டாச்மென்ட்டில் வண்டி நிற்கிறது. மின்னஞ்சலோடு போகும் அட்டாச்மென்ட் இல்லை, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வருவது, அதாவது கடனைக் கட்டாதவரின் சொத்தை நீதிமன்றம் பிடித்து வைப்பது. அகராதியில் இணைப்பு, பிணைப்பு, பற்று, பாசம் எல்லாம் இருக்கிறது. "உங்கள் வீட்டின் மீது நீதிமன்றத்தின் பாசம்" என்று எழுதினால் என்னை உதைப்பார்கள்.

இரா., ஜெயநகர்:
தம்பி, ஜப்தி என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போ. கோர்ட் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் சொல்கிறேன். கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியரான அமீனா வாசலில் நின்றதுமே "ஜப்திக்கு வந்திருக்காங்க" என்று தெருவே சொல்லும். விபத்து இழப்பீடு கட்டாத அரசுப் பேருந்தை கோர்ட் பிடித்து வைத்தால் தமிழ்நாட்டுப் பேப்பரில் "பேருந்து ஜப்தி" என்றுதானே போடுகிறான்? இங்கே கன்னடத்துக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

அ., ராஜாஜிநகர்:
ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். ஜப்தி அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்தது. அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து வரி போட்ட முறைக்கே அந்தப் பெயர்தான். சட்டத் தமிழில் 'பற்றுகை' என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பற்று என்றால் ஆசை, பற்றுகை என்றால் செயல். கை விகுதி சேர்ந்ததும் ஐயம் தீர்ந்தது. கிரந்தத்தை நீக்கி 'சப்தி' என்று எழுதலாமே என்பவர்களுக்கு: அது ஏதோ சத்தம் போடுவதுபோல் இருக்கிறது.

இரா., ஜெயநகர்:
வங்கிப் புத்தகத்தில் பற்று வரவு பார்த்துப் பழகிய ஆள், பற்றுகை என்றால் பணம் எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான்.

வி., மல்லேஸ்வரம்:
"பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று அட்டையில் போட்டுவிடலாம். ஜப்திக்குப் பிறகு எப்படியும் துறவுதான்.

அ., ராஜாஜிநகர்:
350ஆம் குறளை இப்படியா இழிவுபடுத்துவது?

த., இந்திராநகர்:
சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். நான் இந்த வழக்குகளை நடத்துகிறவள். அசையும் பொருள் என்றால் பெரும்பாலும் நேரில் வந்து எடுத்துப் போவார்கள், அங்கே ஜப்தி சரி. வீடு, மனை என்றால் அப்படியில்லை. விற்காதே, அடமானம் வைக்காதே, யார் பேருக்கும் மாற்றாதே என்று நீதிமன்றம் தடை போடும். சொத்தின் பக்கத்தில் தமுக்கடித்துச் சொல்லவேண்டும், உத்தரவை அங்கேயும் கோர்ட்டிலும் ஒட்டவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையின் 54ஆம் விதி. அதை மீறி விற்றால் கடன் கொடுத்தவருக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. ஆனால் அந்த உத்தரவாலேயே யாரும் வீட்டைக் காலி செய்யவேண்டியதில்லை. ஏலம் வேறு கட்டம். அமலாக்கத் துறைச் செய்திகளில் வருகிற 180 நாள் தற்காலிக அட்டாச்மென்ட்டிலும் குடியிருப்பவரின் அனுபவத்துக்குத் தடையில்லை என்று சட்டமே சொல்கிறது. பத்திரிகைகள் அதை 'முடக்கம்' என்கின்றன. வங்கிக் கணக்கை நிறுத்தி வைப்பதற்கும் அதே முடக்கம்! கைப்பற்றல், முடக்கம், பறிமுதல் மூன்றும் வேறு வேறு. நாம் தேடுவது நான்காவது.

கதவில் காகிதம் ஒட்டியதைப் பார்த்து "ஜப்தி ஆயிடுச்சு" என்று ஸ்டவ், குடம், பாய் சகிதம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்ட குடும்பம் எனக்குத் தெரியும். சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, அதாவது தாலி, இதையெல்லாம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி தொடவே முடியாது. சம்பளத்திலும், ஜீவனாம்சக் கடன் தவிர, முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பத்திரம். சு., இந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ந., பசவனகுடி:
அம்மா சொன்ன 'தடை'தான் திறவுகோல். ஆங்கிலத்திலேயே அட்டாச்சும் அட்டாக்கும் ஒரே வேர். சட்டப்படி பிடிப்பதுதான் அங்கே மூத்த பொருள், ஒட்டுவது பின்னால் வந்தது. கன்னடத்தில் இதற்கு 'முட்டுகோலு' என்று அழகான சொல் இருக்கிறது. முட்டு என்றால் அங்கே தொடு. கோல் என்பது குச்சியா, கொள் நீண்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொள் என்றால் தமிழில் 'தொட்டுக்கொளல்' ஆகும்.

வி., மல்லேஸ்வரம்:
தொட்டுக்கொள்ளச் சட்னியா, சாம்பாரா?

ந., பசவனகுடி:
சிரிக்கட்டும். என் முன்மொழிவு 'மறியல்'. இலங்கையில் விளக்கமறியல் (விசாரணைக் காவல்) இன்றும் சட்டச் சொல். கடன்பட்டவனைச் சுற்றி வட்டம் கீறிவிட்டால் கடனை அடைக்காமல் அவன் தாண்டக்கூடாது என்ற சோழமண்டலக் கரை வழக்கத்தை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரசனையே ஒருவன் அப்படி மறித்தானாம். சுந்தரரைக் கல்யாணப் பந்தலில் "நீ என் அடிமை" என்று ஓலை காட்டி மறித்தாரே இறைவன், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓலையைச் சரிபார்த்துத்தானே தீர்ப்பு? தடுத்தாட்கொண்டது என்ன, ஆள் அட்டாச்மென்ட்!

அ., ராஜாஜிநகர்:
அது ஆளோலை வழக்கு, அடிமைச் சாசனம். சொத்து எங்கே வந்தது?

இரா., ஜெயநகர்:
"வீடு மறியல்" என்று அச்சடித்தால் போலீஸ் வேன் வந்து நிற்கும்.

சு., அல்சூர்:
நாளை காலை அச்சகம். தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஜப்திக்கே ஆள் அதிகம், உற்சாகமாக யாரும் இல்லை. தலைப்பில் ஜப்தி. முதல் இடத்தில் மட்டும் "ஜப்தி, சட்டத் தமிழில் பற்றுகை". அடுத்த வரியே "வீட்டை விட்டுப் போகவேண்டாம், விற்கத்தான் முடியாது". தங்கை த. அனுப்பிய பத்தி கட்டம் கட்டி வருகிறது. இரா. அண்ணாவுக்கு நன்றி.

ந., பசவனகுடி:
மறுபதிப்பிலாவது மறியலைப் பரிசீலிக்கவும். வட்டம் பற்றி இன்னும் எழுதுவேன்.

அ., ராஜாஜிநகர்:
என் எதிர்ப்பு பதிவாகட்டும். பற்றுகையைத் துணைக்கு நிறுத்தியது அநியாயம். அது கிடக்கட்டும், அமீனாவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?