சனிக்கோளின் வளையம் நேத்து வந்ததா, ஆதியிலிருந்தே இருக்கா?

மாடித்தொலைநோக்கி:
2025 நவம்பர்ல மொட்டை மாடியில ஆறு அங்குலத் தொலைநோக்கியை வெச்சு சனியைப் பார்த்தேன். வளையத்தைக் கிட்டத்தட்ட காணோம். கோளோட ரெண்டு பக்கமும் ஊசி குத்தி வெச்ச மாதிரி மெல்லிசா ஒரு கோடு, அவ்வளவுதான். வளையத்தோட விளிம்பு அப்போ நம்ம பக்கம் திரும்பியிருந்துச்சு. ஒரு ஓரத்துலேர்ந்து மறு ஓரம் வரைக்கும் சுமார் 2,70,000 கி.மீ. அகலம், ஆனா பல இடத்துல தடிமன் பத்து மீட்டர்தான். மூணு மாடிக் கட்டட உயரம்! 1610ல சனிக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி எதையோ பார்த்த கலிலியோ, 1612ல அது மறைஞ்சதும் குழம்பிப் போனதுல ஆச்சரியமே இல்ல.

அந்தக் கோட்டைப் பார்த்ததுலேர்ந்து இதைப் பேசியே ஆகணும்னு இருக்கு. என் கட்சி இதுதான்: வளையம் புதுசு. சூரியக் குடும்பத்துக்கு வயசு ஏறக்குறைய 450 கோடி வருஷம். வளையத்துக்கு அதிகம் போனா 40 கோடி. 10 கோடியாகூட இருக்கலாம், அதாவது இங்க டைனோசர் திரிஞ்ச காலம். ஆதாரம் அதோட வெண்மை. வளையத்துல 95 சதவீதத்துக்கு மேல தண்ணி உறைஞ்ச பனிக்கட்டி. ஆனா விண்வெளியில தூசி விழுந்துக்கிட்டேதான் இருக்கு. காசினி விண்கலம் 2004லேர்ந்து 2017 வரைக்கும் சனியைச் சுத்தினப்போ, வெளியிலேர்ந்து வந்த தூசி மணிகளை எண்ணிப் பார்த்துச்சு. தேறினது 163 மணி. அதை வெச்சு 2023ல வந்த ஆய்வு, வளையத்துல இப்போ இருக்கிற அழுக்கு சேர 40 கோடி வருஷத்துக்கு மேல ஆகியிருக்காதுன்னு சொல்லுது. தெருவுல நிக்கிற பைக் சீட்டுல விரலை வெச்சு இழுத்தா எத்தனை நாளா எடுக்கலைன்னு தெரியும் இல்லையா, அதே கணக்கு.

ஜவ்வாதுமலை_வாத்தியார்:
தம்பி, அந்த பைக்கை யாரோ தினமும் துடைத்துக்கொண்டிருந்தால்? தூசியைப் பார்த்து நேற்று வாங்கிய வண்டி என்று சொல்லிவிடுவீர்களா?

உங்கள் கணக்கு முழுக்க ஒரே ஒரு அனுமானத்தில் நிற்கிறது: விழுகிற தூசியில் கணிசமான பங்கு வளையத்திலேயே ஒட்டிக்கொள்கிறது என்பது. 2024 டிசம்பரில் ரியூகி ஹியோடோ குழு வெளியிட்ட கணினி உருவகம் அதைத்தான் கேள்வி கேட்டது. அந்தத் துகள் மெதுவாக வந்து உட்காருவதில்லை. சனியின் ஈர்ப்பு இழுக்க, வினாடிக்கு 30 கி.மீ. அளவிலான வேகத்தில் பனிக்கட்டி மேல் மோதுகிறது. துப்பாக்கிக் குண்டின் வேகம் வினாடிக்கு ஒரு கி.மீ. அளவுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மோதலில் வந்த துகள் ஆவியாகிப் போகிறது. அந்த ஆவி மின்னூட்டம் பெற்ற நுண்துகளாகவும் அயனிகளாகவும் மாற, சனியின் காந்தப்புலம் அவற்றை இழுத்துக் கோளில் போடுகிறது, அல்லது வெளியே வீசிவிடுகிறது. பனிக்கட்டி வெள்ளையாகவே இருக்கிறது.

வெண்மை காட்டுவது கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்பதை. பிறந்த தேதி அதில் இல்லை.

பனித்துகள்:
வாத்தியார் ஐயா சொல்றது புரியுது. ஆனா துடைக்கிறது முழுசா நடக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க? உருவகத்துல போட்டது ஒரு பனிக்கட்டி, ஒரு துகள், ஒரு மோதல். நிஜ வளையத்துல மணல் அளவுலேர்ந்து வீடு அளவு வரைக்கும் கட்டிகள் நெருக்கமா இருக்கு. கிளம்புற ஆவி பக்கத்துக் கட்டியில படியாதா? நூத்துல ஒரு பங்கு ஒட்டினாலே 450 கோடி வருஷத்துல எவ்வளவு சேரும்!

ஜவ்வாதுமலை_வாத்தியார்:
நல்ல கேள்வி அம்மா. உருவகத்தில் மிகக் கொஞ்சம்தான் ஒட்டியது, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் நீங்கள் சொல்வதுபோல் அது ஒரு கட்டிக்கான கணக்குதான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சாட்சி இருக்கிறது. காசினி தன் கடைசி மாதங்களில், 2017 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே 22 முறை புகுந்து வந்தது. அங்கே வளையத்திலிருந்து சனிமேல் விழுந்துகொண்டிருந்த பொருளை அளந்தார்கள். அதில் தண்ணீர் மட்டும் இல்லை. மீத்தேன், அம்மோனியா, கரிமச் சேர்மங்கள், சிலிக்கேட் நுண்துகள் எல்லாம் இருந்தன. வளையத்தில் மிகச் சிறிய பங்காக இருக்கிற அழுக்கு, விழுகிற பொருளில் பெரும் பங்காக இருக்கிறது. அழுக்கு தனியாக வெளியேறுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேறென்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அதே அளவீட்டை எடுத்துக்குவோம் சார், ஏன்னா அது உங்க பக்கம் மட்டும் பேசல. விழுந்த அளவு வினாடிக்கு 4,800 கிலோவுலேர்ந்து 45,000 கிலோ வரைக்கும். வளையத்தோட மொத்த நிறையையும் அதே 22 சுற்றுலதான் அளந்தாங்க. மைமாஸ்னு ஒரு சின்ன நிலா இருக்கு, அதோட நிறையில ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது 15க்குப் பின்னால 18 சைபர் போட்ட கிலோ. இப்போ வகுத்துப் பாருங்க. குறைஞ்ச வேகத்துல கொட்டினா சுமார் 10 கோடி வருஷத்துல வளையம் காலி. கூடின வேகத்துல ஒரு கோடி வருஷம்தான். தொட்டியில இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறப்போ, அது 450 கோடி வருஷமா நிறைஞ்சே இருந்துச்சுன்னா எப்படி நம்புறது?

மாடித்தொலைநோக்கி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நன்றி அண்ணா.

ஜவ்வாதுமலை_வாத்தியார்:
ஓட்டையைச் சில மாதம்தான் பார்த்தோம். மழைக்காலத்தில் ஒரு நாள் ஆற்றுக்குப் போய் வெள்ளத்தை அளந்து, இந்த வேகத்தில் ஓடினால் மலையில் தண்ணீரே மிஞ்சாது என்பதைப் போன்ற கணக்கு இது. கோளுக்கு மிக அருகில் இருக்கும் மெல்லிய டி வளையம் வாயேஜர் விண்கலம் பார்த்த 1980க்கும் காசினி காலத்துக்கும் இடையிலேயே மாறியிருக்கிறது. அங்கே ஏதோ அண்மையில் கலைந்திருக்கலாம்.

நிறையைப் பற்றிப் பேசினீர்கள். என்னை வளையம் பழையது என்று நம்ப வைத்ததே அந்த எண்தான். வளையத்தில் உள்ளே இருக்கிற கட்டி வேகமாகச் சுற்றும், வெளியே இருப்பது மெதுவாக. உரசும்போது உள்ளே இருப்பது கொஞ்சம் வேகம் இழந்து இன்னும் உள்ளே இறங்கும், வெளியே இருப்பது வேகம் பெற்று இன்னும் வெளியே போகும். இப்படியே வளையம் இருபுறமும் பரவி நிறை குறையும். கனமான வளையம் வேகமாகப் பரவும், இலேசானது மெதுவாக. அதனால் எத்தனை கனத்தில் தொடங்கினாலும், 450 கோடி ஆண்டு கழித்து மிஞ்சுவது ஏறக்குறைய ஒரே அளவு. அந்த அளவு மைமாஸின் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று 2017க்கு முன்பே கணினிக் கணக்கு சொல்லியிருந்தது. அளந்து பார்த்தால் 40 சதவீதம். இதைத் தற்செயல் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அகல்விளக்கு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஏழாவது படிக்கிற என் பொண்ணு இதைப் படிச்சிட்டுக் கேக்குறா: வளையம் எப்படித்தான் உருவாகும்? பூமிக்கு ஏன் இல்ல?

பனித்துகள்:
அக்கா, 1848ல எட்வார் ரோஷ்னு ஒரு பிரெஞ்சுக் கணித அறிஞர் ஒரு எல்லையைக் கணக்குப் போட்டார். கோளுக்குப் பக்கத்துல ஒரு நிலா வந்தா, அதோட கிட்ட இருக்கிற பக்கத்தைக் கோள் பலமா இழுக்கும், எட்ட இருக்கிற பக்கத்தைக் கம்மியா இழுக்கும். ஒரு தூரத்துக்குள்ள வந்தா அந்த வித்தியாசம் நிலாவோட சொந்த ஈர்ப்பையே மிஞ்சிடும். நிலா பிய்ஞ்சு போகும். பிய்ஞ்ச தூளும் திரும்ப ஒண்ணு சேராது, அப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். பனிக்கட்டிக்கு சனியில அந்த எல்லை கோளோட மையத்துலேர்ந்து ஏறக்குறைய 1,33,000 கி.மீ. பிரதான வளையம் முடியுறது 1,36,775 கி.மீட்டர்ல. பொண்ணை வரைஞ்சு பார்க்கச் சொல்லுங்க.

பிய்ஞ்சு போறதைக் கண்ணாலயே பார்த்திருக்கோம். 1992ல ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன் வியாழனை உரசிட்டுப் போய் இருபதுக்கு மேல துண்டாச்சு. 1994 ஜூலையில அந்தத் துண்டுகள் வரிசையா வியாழன் மேலயே போய் விழுந்துச்சு.

பூமியைச் சுத்தியும் ஒருகாலத்துல பாறைத் தூள் இருந்திருக்கணும். பெரிய மோதல் ஒண்ணுல சிதறினது. அதுல எல்லைக்கு வெளிய இருந்தது சேர்ந்துதான் நம்ம நிலா. அது வருஷத்துக்கு 3.8 செ.மீ. தள்ளிப் போய்க்கிட்டு இருக்கிறதால பிய்யப் போறதில்ல. செவ்வாய்க்குத்தான் வாய்ப்பு. ஃபோபோஸ் நிலா நூறு வருஷத்துக்கு 1.8 மீட்டர் கீழ இறங்குது. சுமார் 5 கோடி வருஷத்துல அது செவ்வாயில மோதும், இல்லன்னா உடைஞ்சு வளையமாகும்.

கணக்குப்பிள்ளை:
பூமிக்கும் 46.6 கோடி வருஷத்துக்கு முன்னால வளையம் இருந்திருக்கலாம்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்தக் காலத்து விண்கல் பள்ளம் 21ஐ எடுத்து, கண்டங்களைப் பழைய இடத்துல வெச்சுப் பார்த்தா, எல்லாமே நடுக்கோட்டுக்குப் பக்கத்துலயே விழுந்திருக்கு. வளையத்துலேர்ந்து உதிர்ந்திருந்தா அப்படித்தான் விழும். உறுதியாகல, ஆனா என் கருத்துக்கு ஒத்துப் போகுது: வளையம்ங்கிறது வந்து போற விருந்தாளி. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்னு நாலு பெருங்கோளுக்கும் வளையம் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. வியாழனோடது உள்நிலாக்கள்ல விண்கல் அடிச்சுக் கிளம்புற தூசி. யுரேனஸோடது கரி மாதிரிக் கறுப்பு. எல்லாம் ஒரே காலத்துல ஒரே மாதிரி பிறந்திருந்தா இப்படியா இருக்கும்?

ஜவ்வாதுமலை_வாத்தியார்:
யுரேனஸ் பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் மறைக்க இருந்தது. அமெரிக்கக் குழு விமானத்தில் தொலைநோக்கியோடு இந்தியப் பெருங்கடல் மேல் பறந்தது. இங்கே ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி, மீண்டது. யுரேனஸுக்குப் புதிய நிலா என்று எழுதினார்கள். கோளின் இரு பக்கமும் அதே தூரங்களில் ஒளி மங்கியதை விமானக் குழு பதிவு செய்திருந்ததால் அது வளையம் என்று தெரிந்தது. காவலூரில் கிடைத்த பதிவு சரி. அதற்குச் சொன்ன பொருள்தான் மாறியது. அந்த 163 தூசி மணியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எண்ணிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை.

வளையம் புதியது என்றால் ஒரு நிலாவைப் புதிதாக உடைக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் அது எளிது. சனியைச் சுற்றி வாயுத் தட்டு இருந்தபோது சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டன் அளவு நிலா ஒன்று உள்ளே சரிந்து வந்ததாக 2010இல் ராபின் கேனப் என்ற ஆய்வாளர் சொன்னார். மேலே இருந்த பனி உரிந்து வளையமானது, உள்ளே இருந்த பாறை அப்படியே கோளுக்குள் போய்விட்டது. வளையம் ஏன் வெறும் பனியாக இருக்கிறது என்பதற்கு விடையும் கிடைத்துவிடுகிறது. எல்லாம் அடங்கி ஒழுங்கான பின், 10 கோடி ஆண்டுக்கு முன் யார் வந்து உடைத்தது?

பனித்துகள்:
2022ல ஜாக் விஸ்டம் குழு அதுக்கு ஒரு பதில் சொன்னாங்களே ஐயா. சனி 26.7 டிகிரி சாய்ஞ்சிருக்கு. அதோட அச்சு தலையாட்டுற வேகம் நெப்டியூன் சுற்றுப்பாதையோட தாளத்துக்குக் கிட்டத்தட்ட பொருந்துது, ஆனா முழுசாப் பொருந்தல. நடுவுல ஏதோ கழண்டிருக்கு. கிரிசாலிஸ்னு ஒரு நிலா இருந்து, சுமார் 16 கோடி வருஷத்துக்கு முன்னால பாதை கலைஞ்சு சனிக்கு ரொம்பப் பக்கத்துல போய்ப் பிய்ஞ்சதுன்னா, சாய்வுக்கும் வளையத்துக்கும் ஒரே காரணம் கிடைக்குது. யாரும் வெளியிலேர்ந்து வரவே வேண்டாம்.

ஜவ்வாதுமலை_வாத்தியார்:
அழகான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் உருவகத்திலேயே பல ஓட்டங்களில் அந்த நிலா வேறெங்கோ போய்விடுகிறது, சிலவற்றில்தான் சனியை உரசுகிறது. அரிதாக நடப்பதை நம்ப எனக்கு இன்னொரு சாட்சி வேண்டும்.

மாடித்தொலைநோக்கி:
ஐயா, ஒரு இடத்துல உங்ககிட்ட இறங்கி வர்றேன். அழுக்கு காட்டுறது வயசை இல்ல, தூசி தங்கின காலத்தை மட்டும்தான். முதல் பதிவுல ரெண்டையும் ஒண்ணாப் போட்டது என் தப்பு. மேல இருக்கிறதை அழிக்கல, அப்படியே இருக்கட்டும்.

ஆனா கட்சி மாறல. கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன ஓட்டை அங்கதான் இருக்கு. வெள்ளம் ஒரு நாள்தான்னு நீங்க சொல்றதுக்கும் அளவீடு இல்லையே. திரும்பவும் ஒரு விண்கலம் அந்த இடைவெளிக்குள்ள போய் அளந்து, கொட்டுறது நூறுல ஒரு பங்காக் குறைஞ்சிருந்தா நான் உங்க பக்கம் வந்துடுறேன்.

ஜவ்வாதுமலை_வாத்தியார்:
சரி. என் பக்கத்துக்கும் ஒரு நிபந்தனை: பனிக்கட்டி மேல் வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் துகளை அடித்து, அதில் பத்தில் ஒரு பங்காவது ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் காட்டட்டும். வளையம் இளையது என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.

அகல்விளக்கு:
வரைஞ்சு பார்த்துட்டா. எல்லைக் கோட்டுக்கு வெளியயும் வளையம் மூவாயிரத்துச் சொச்சம் கி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கே, அது ஏன் நிலாவா சேரலைன்னு கேக்குறா.

பனித்துகள்:
அக்கா, கேள்வியைக் கேட்டது ஏழாவது படிக்கிற பொண்ணா! ரோஷ் எல்லை கத்தி வெச்சு வெட்டின கோடு இல்ல. கட்டியில எவ்வளவு காத்தும் இடுக்கும் இருக்குங்கிறதைப் பொறுத்துக் கொஞ்சம் தள்ளிப் போகும். வெளி ஓரத்துல நிஜமாவே சேரவும் பார்க்குது. 2013ல காசினி எடுத்த படத்துல பிரதான வளையத்துல வெளிப்பக்கம் இருக்கிற ஏ வளையத்தோட விளிம்புல ஒரு புடைப்பு தெரிஞ்சுச்சு. ஒரு கி.மீ.கூட இல்லாத குட்டி நிலா உருவாகுதோன்னு பார்த்தாங்க, பெக்கின்னு செல்லப் பேரும் வெச்சாங்க. அந்தப் படத்தைத் தேடிக் காட்டுங்க.