அம்மாவின் அடையாள அட்டை 'செல்லுபடியற்றது' என்கிறது படிவம்: இதை யாரிடம் சொல்வது?

பாலையூற்றான் (கேள்வி)

பதினான்கு வருடங்களாக நிரல் எழுதிச் சாப்பிடுகிறேன். திருகோணமலையில் வீட்டு முன்னறையில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்பவன் என்பதால், உறவினர் வீடுகளில் கணினி, கைத்தொலைபேசி, ரவுட்டர், தொலைக்காட்சி என்று எது மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வரும். 'ஒருமுறை நிற்பாட்டிப் போட்டுப் பாருங்கள்' என்பேன். பாதி வேளைகளில் அதுவே போதுமாகிவிடும். சென்ற மாதம் வந்த சிக்கல் அந்த மருந்துக்கு அடங்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு நிலையான வைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. வங்கிக் கிளைக்குப் போனபோது, செயலி வழியாகச் செய்தால் வட்டி சற்றுக் கூட என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மத்தியான வெயிலில் வீடு திரும்பிய அம்மா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தம் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினார். 'இலக்கம் செல்லுபடியற்றது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மூன்று முறை தட்டினார். பிறகு லமினேட் மங்கிப்போன அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நான் ஆர்?" என்று என்னைக் கேட்டார்.

உலாவியில் அதே படிவத்தைத் திறந்து, உள்ளே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் படித்துப் பார்த்தேன். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடத்தையும், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும் என்பதும், பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 ஐக் கூட்டுவார்கள் என்பதும் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போகக்கூடியது, அந்தக் கணக்கில் எல்லா வருடங்களிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்பதுதான். ஆகவே எந்த வருடமானாலும் டிசம்பர் 31 என்பது 366, பெண்ணென்றால் 866. அம்மா பிறந்தது 1957 டிசம்பர் 31. படிவத்தை எழுதியவர், 1957 லீப் வருடமல்ல, எனவே 366 ஆம் நாள் இருக்க முடியாது என்று முடிவு கட்டியிருந்தார்.

அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கால், நூறால், நானூறால் வகுத்து லீப் வருடத்தை முறைப்படி பார்த்திருக்கிறார். நாள் எண் 1 இலிருந்து 999 வரை இருக்கலாம் என்று அலட்சியமாக எழுதியிருந்தால் அம்மா உள்ளே போயிருப்பார். அவருடைய கவனம்தான் அம்மாவை வாசலில் நிறுத்தியது.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அழைத்து, இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரே இசைத்துண்டைக் கேட்ட பின்னர் ஒருவர் கிடைத்தார். பழைய அட்டையை மாற்றிப் பன்னிரண்டு இலக்க அட்டை எடுக்குமாறு மிகவும் பணிவாகச் சொன்னார். புதிய இலக்கம் 1957866 என்றுதானே தொடங்கும் என்று கேட்டேன். அவர் அதே பணிவோடு அதே பதிலைத் திரும்பச் சொன்னார்.

என் கையும் சுத்தமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய பதிவுப் படிவமொன்றில் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியிருந்தேன். என் அப்பாவுக்கே குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு தம் பெயர், அவ்வளவுதான். அதை எழுதிய அன்று அவர் பக்கத்து அறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். இப்படியான பிழையை எப்படிச் சொன்னால், திருத்தக்கூடிய ஒருவரின் மேசை வரை அது போய்ச்சேரும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையில் ஒருவன்

அண்ணா, இப்படியான படிவங்களை எழுதும் கொழும்பு நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஒளிக்காமல் சொல்வதானால், நீங்கள் தொலைபேசியில் சொன்னது எங்களிடம் வரவே வராது. அழைப்பை எடுப்பவருக்கு முன்னால் உள்ள திரையில் ஏழெட்டு வகைகள்தான் இருக்கும். 'மென்பொருளின் பிழை' என்ற வகையை அவர் தெரிவு செய்தால் மேலாளர் விளக்கம் கேட்பார், 'வாடிக்கையாளர் தவறான விபரம் அளித்தார்' என்பதைத் தெரிவு செய்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இரண்டாவதைத்தான் அழுத்துவேன்.

மின்னஞ்சலில் எழுதுங்கள், ஆனால் கதையாக எழுத வேண்டாம். எந்த இலக்கத்தை இட்டால் ஏற்கிறது, எதை இட்டால் மறுக்கிறது, ஏன் மறுக்கக்கூடாது என்பதை மூன்றே வரிகளில் எழுதுங்கள். இரண்டு மாதிரி இலக்கங்களைக் கையில் கொடுத்தால், அதை ஓட்டிப் பார்க்காமல் ஒரு நிரலாளனால் சும்மா இருக்க முடியாது. அது எங்கள் பலவீனம். கணக்கு ஆரம்பிக்க வருபவர்களில், லீப் அல்லாத வருடங்களில் பிறந்தோரில் ஏறக்குறைய 365 பேருக்கு ஒருவர் வாசலோடு திரும்பிப் போகிறார் என்ற வரியையும் சேருங்கள். மனிதரின் மனக்கஷ்டத்தைப் போடுவதற்கு எங்கள் அறிக்கையில் கட்டம் இல்லை. இழந்த வைப்புக்குக் கட்டம் இருக்கிறது.

என் தலையிலும் ஒரு குட்டு விழுந்திருக்கிறது. மாணவர் விண்ணப்ப மென்பொருளொன்றில், 2001 இல் பிறந்த பிள்ளைகளின் பிறந்த திகதி அச்சுப்பிரதியில் ஒரு நாள் முந்தி வந்தது. இரண்டு நாட்கள் தலையைப் பிய்த்த பின்னர்தான் காரணம் பிடிபட்டது. இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னோக்கியும், பின்னர் அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் வரை கிறீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரைக்குப் பதிலாக ஆறு மணித்தியால வித்தியாசத்தில் ஓடியது. கோயில் பூசைக்கும் கல்யாணத்துக்கும் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிறந்த திகதியை நள்ளிரவு மணியோடு சேர்த்துச் சேமித்துவிட்டு, வாசிக்கும்போது எப்போதும் ஐந்தரை என்று கணக்குப் போட்டால், நள்ளிரவு பன்னிரண்டு என்பது முதல் நாள் இரவு பதினொன்றரை ஆகிவிடும். திகதிக்கு மணி எதற்கு என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏனென்றால் நான் பிறந்தது 1993 இல். என் திகதியை இட்டுச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் அடையாள அட்டைச் சரிபார்ப்பு ஒரு நொடியில் வந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதை அப்படியே ஒட்டுகிறார்கள், நான் மேலோட்டமாகப் பார்த்து அனுமதிக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் முடிந்ததென்று வாடிக்கையாளர் மகிழ்கிறார். வேகம் கூடியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. டிசம்பர் 31 இல் பிறந்த ஒருவரை யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்றால், அது முன்னரும் இல்லை, இப்போதும் இல்லை.

மார்கழிக்காரி

நானும் டிசம்பர் 31 தான். என் அட்டையில்தான் ஏதோ கோளாறு என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு செயலிகளைக் கணவரின் பெயரில்தான் பாவிக்கிறேன்.

கிண்ணியா கொமினிகேஷன்

தம்பி, கிண்ணியாவில் போட்டோப்பிரதி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்துகொடுக்கும் சிறிய கடையொன்று வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் கோபிக்க வேண்டாம்: உங்களைப் போன்றவர்கள் விடும் பிழைகளில்தான் என் கடை ஓடுகிறது.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. எந்தப் படிவத்தில் குடும்பப் பெயருக்குப் புள்ளி வைத்தால் ஏற்கும், எதில் வாப்பாவின் பெயரை அங்கே போடவேண்டும், எதில் புகைப்படத்தின் அளவைக் குறைக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் சும்மா நின்றுவிடும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் தகப்பன் பெயர் முன்னாலும் மகன் பெயர் பின்னாலும் வருவதால், சில செயலிகள் மகனுக்கு அனுப்பும் கடிதத்தில் அவனுடைய வாப்பாவின் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கும். ஒருவருக்கு அவருடைய வாப்பா மௌத்தாகிப் பதினாறு வருடங்கள்.

அதைவிடக் கரைச்சல், உறுதிப்படுத்துவதற்காகத் தொலைபேசிக்கு வரும் அந்த ஓ.டி.பி. என்ற ஒருமுறை இலக்கம். பெற்றோருக்குத் தொலைபேசி இணைப்பு எடுத்துக்கொடுத்த மகன் கட்டாரில் இருப்பார், கணக்குகளில் பதிந்திருப்பதும் அவருடைய இலக்கம். இங்கே தாய் கதிரையில் காத்திருப்பார், அங்கே மகன் வேலைத்தலத்தில் தொலைபேசியை அலுமாரியில் பூட்டிவிட்டு நிற்பார், ஓ.டி.பி. சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். மாரி காலத்தில் மின்சாரம் நின்று நெடுநேரமானால் தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் இறங்கி, உள்ளூர்த் தொலைபேசிக்கும் ஓ.டி.பி. வராது. 2009 இல் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்காகத் துறையில் காத்து நின்றவர்கள் நாங்கள். காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் படகுக்காரருக்கு நாங்கள் கரையில் நிற்பது தெரியும், கை காட்டினால் திரும்பிப் பார்ப்பார்.

உங்கள் உம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். 866 காரர் ஒருவர் என் கொப்பியிலும் இருக்கிறார். அந்தப் படிவத்தின் மேலே சிறிய எழுத்தில், அடையாள அட்டைக்குப் பதிலாகக் கடவுச்சீட்டைத் தெரிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் போய்விடலாம். இதற்குக் காசு வேண்டாம்.

உவர்மலை வாசி

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கணினியைப் பற்றி எழுதத் தகுதியில்லை என்றாலும், கடதாசிக் காலம் பொற்காலமாக இருந்ததுபோல் ஒரு தொனி இங்கே கேட்பதால் எழுதுகிறேன். என் பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் ஓரெழுத்தைத் தவற விட்டிருந்தார். அதைத் திருத்துவதற்கு நான் ஏறிய படிகளை எண்ணினால் கோணேசர் கோயிலுக்குப் பலமுறை போய்வந்த புண்ணியம் கிடைத்திருக்கும். ஆகவே இயந்திரம் வந்துதான் மனிதர் அலைகிறார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒரேயொரு வித்தியாசம் உண்டு. கடைசியில் ஒரு லிகிதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "சேர், உங்களிடம் படித்தவன் நான்" என்று சொல்லி, உரிய படிவத்தை எடுத்துத் தந்தார். உங்கள் படிவத்துக்கு நான் யாருக்குப் படிப்பித்தேன் என்பது தெரியாது. (அது முறையான செல்வாக்கா என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.)

ஒரு சந்தேகம். அண்மையில் எனக்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழில் என் பெயர் 'சிவசுப்பிரமணி' என்று முடிந்து, அதன் பின்னால் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி அச்சாகியிருக்கிறது. இது எழுத்துருவின் பிழையா?

பாலையூற்றான்

ஐயா, அது எழுத்துருவின் பிழையல்ல, எங்களுடையது. 'சிவசுப்பிரமணியம்' என்பது தமிழ்க் கணக்கில் பத்து எழுத்துகள். கணினிகளுக்கான பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பதினாறு. சேமிக்கும்போது, யூ.டி.எப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) வீதம் 48. ஆங்கிலப் பெயருக்கு 40 பைட் தாராளம் என்று நினைத்த யாரோ உங்கள் பெயரை நாற்பதாவது பைட்டில் வெட்டியிருக்கிறார்கள். முப்பத்தொன்பது பைட்டில் 'சிவசுப்பிரமணி' முடிகிறது. நாற்பதாவது, 'ய' என்ற எழுத்தின் முதல் மூன்றிலொரு பங்கு. அந்தத் துண்டை எப்படி வாசிப்பதென்று தெரியாமல் இயந்திரம் போட்டதுதான் அந்தக் கேள்விக்குறி. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு காலத்தில் வேறு விதமாகச் சீரழிந்தோம், அது தனிக்கதை. சான்றிதழ் தந்தவர்களிடம் 'பெயருக்கான இடத்தைப் பைட்டில் அளக்காமல் எழுத்தில் அளக்கச் சொல்லுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய நிரலாளருக்கு விளங்கும்.

வெள்ளவத்தைத் தம்பி சொன்னபடியே மூன்று வரிகளில், இரண்டு மாதிரி இலக்கங்களுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். 365 பேருக்கு ஒருவர் என்ற கணக்கையும் சேர்த்தேன். உடனே முறைப்பாட்டைப் பதிந்ததற்கு அடையாளமாக ஒரு டிக்கெட் இலக்கம் வந்தது. என் வேலையிடத்தில், எங்கள் படிவங்களைச் சோதிக்கும் மாதிரிப் பட்டியலில் என் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பிறந்த திகதியையும் சேர்த்துவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே நான்கு சோதனைகள் தோற்றன. அவற்றில் மூன்று நான் எழுதிய பகுதிகள். மேலாளர் இது இந்த வாரத் திட்டத்தில் இல்லையே என்றார். அடுத்த வாரத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணியா நானா சொன்ன வழி பலித்தது. சிறிய சாம்பல் எழுத்தில் 'வேறு ஆவணம்' என்று ஒளிந்திருந்தது. அம்மா சிதம்பரம் போவதற்காக எடுத்த கடவுச்சீட்டு இன்னும் காலாவதியாகவில்லை. அதன் இலக்கத்தை இட்டதும் ஐந்து நிமிடத்தில் வைப்பு ஆரம்பமாகிவிட்டது.

நேற்று அந்த டிக்கெட்டுக்குப் பதில் வந்தது. 'வாடிக்கையாளர் கணக்கை ஆரம்பித்துவிட்டார்' என்று காரணம் குறிப்பிட்டு மூடியிருக்கிறார்கள். படிவத்தைத் திறந்து 57866 இல் தொடங்கும் இலக்கத்தை மறுபடியும் இட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்து அப்படியே இருக்கிறது.