மறு: ஜாம்பி – நடைப்பிணம் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பேய்ப் படங்களில் தன்னறிவில்லாமல் நடமாடும் ஜாம்பிக்கு (zombie) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, நடைப்பிணம் என்றே வைத்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தயக்கம். மனமொடிந்துபோன ஆளைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். அது போகட்டும், படங்களே அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை.

1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'யில் ஜாம்பி யாரையும் தின்னாது. ஹெய்ட்டியில் ஒரு சர்க்கரை ஆலையில் இராப்பகலாக உழைக்கும். ஏவுவதற்கு ஒரு மந்திரவாதி உண்டு. செத்த பிறகும் விடுதலை இல்லை என்பது அடிமை முறையில் அடிபட்ட மக்களின் பயம். 1968இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ அந்த எசமானைத் தூக்கிவிட்டு, பிணத்துக்குப் பசியைக் கொடுத்தார். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது! கடிபடாமல் செத்தவர்களும் எழுந்து வருவார்கள். மூளையைச் சிதைத்தால்தான் விழுவார்கள். இதுவரை நடைப்பிணம் பொருந்துகிறது.

2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' தான் சிக்கல். அதில் வருகிறவர்கள் சாகவே இல்லை. கிருமியுள்ள ஒரு சொட்டு இரத்தம் கண்ணில் விழுந்தால் போதும், சில நொடிகளில் வெறி பிடித்து ஓடுகிறார்கள். உயிர் இருப்பதால் கடைசியில் பட்டினியிலும் சாகிறார்கள். பிணம் பட்டினியால் சாகுமா? 2016இல் வந்த 'டிரெயின் டு பூசான்' கூட்டமும் ஓட்டந்தான். ஓடுகிற நடைப்பிணம் என்று எழுதிப் பாருங்கள், பயத்துக்குப் பதில் சிரிப்பு வரும். அதே ஆண்டு நம் தமிழ் ஜாம்பிப் படம் 'மிருதன்' வந்தது. பெயர் அழகு, ஆனால் படத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேதாளமும் சரிவராது. பிணத்துக்குள் புகுவது ஒத்துப்போகிறது. ஆனால் விக்கிரமாதித்தனையே கேள்வி கேட்டு மடக்குகிற மூளைக்காரர் அவர்.

மூன்று வகைக்கும் பொது, 'நான்' போய் உடம்பு மட்டும் இயங்குவது. ஆகவே என் பரிந்துரை: தன்னிலி. ஏவல் தன்னிலி, பிணத் தன்னிலி, தொற்றுத் தன்னிலி என்று பிரித்துக்கொள்ளலாம்.

---

> ஆகவே என் பரிந்துரை: தன்னிலி.

(மேலுள்ள மடலுக்கு இன்னொருவரின் பதில்) ஐயா, வேகமாகப் படித்தால் 'தன்னிலை' என்று கண் படித்துவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. ரொமேரோவே 1985இல் எடுத்த 'டே ஆஃப் தி டெட்' படத்தில் பப் என்று ஒரு ஜாம்பி வருமே? விஞ்ஞானி பழக்கப் பழக்க, ராணுவ சல்யூட் நினைவுக்கு வருகிறது, காதில் மாட்டிவிட்ட பாட்டை ரசிக்கிறது. அந்த விஞ்ஞானி செத்துக் கிடப்பதைப் பார்த்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவரைக் கொன்ற ராணுவ கேப்டனைத் தேடிப் போகிறது. தன்னை இழந்தது பழி வாங்கக் கிளம்புமா? இந்த வகைப் படங்கள் வளர்வதே, உள்ளே ஆள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதோ என்ற சந்தேகத்தில்தான்.

உங்கள் மூன்று அடைமொழிகளும் எனக்குப் பிடித்திருக்கின்றன. தலைச்சொல்லாக ஜாம்பியே இருக்கட்டும்: ஏவல் ஜாம்பி, பிண ஜாம்பி, தொற்று ஜாம்பி. பப்புக்கு மட்டும் தனியாக ஒன்று தேவை. 'நினைவு ஜாம்பி' சரிவருமா, பாருங்கள்.