மலை ரயிலை விட்டு இறங்கின பிறகு நடக்கிற நடை: உங்கள் அனுபவம் எப்படி?

ஊட்டிக்காரி:

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறுகிற நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 208 வளைவு, 16 குகை, ஜன்னல் ஓர சீட்டு, 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த பாரம்பரியப் பட்டம் எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். இறங்கினதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது, எப்படிப் போவது என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். அதனால் நானே ஆரம்பிக்கிறேன், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

போன சீசனில் சென்னையிலிருந்து அத்தை வந்தார். எழுபது தாண்டியவர், இரண்டு முழங்காலிலும் வலி. மலை ரயிலில்தான் வருவேன் என்று பிடிவாதம், சரி என்று நானும் துணைக்குப் போய் நீலகிரி எக்ஸ்பிரஸிலேயே கூட்டி வந்தேன். மேட்டுப்பாளையத்தோடு அகலப் பாதை முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் பாதை என்பதால் யாராக இருந்தாலும் அங்கே இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். நான் பயந்தது இந்த இடத்துக்குத்தான், ஆனால் இது சுலபமாக முடிந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வரவே தேவையில்லை, காலை 7:10 மலை ரயிலுக்கு நேரமும் இருந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மலை ரயில் பெட்டிக்குள் கழிவறை கிடையாது. வயசானவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கஷ்டம் ஊட்டியில்தான். மதியம் ஒட்டுமொத்த ரயிலும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்தான், மேப்பில் பார்த்தால் சில நிமிட நடை, நானே தினமும் யோசிக்காமல் நடக்கிற தூரம். ஆனால் காலையில் 330 மீட்டர் உயரத்தில் இருந்தவர் மதியத்துக்குள் 2,200 மீட்டரில் வந்து நிற்கிறார். “என்னடி இது, நாலு எட்டு வைக்கறதுக்குள்ள இப்படி மூச்சு வாங்குது” என்று பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதோடு தூறல் வேறு. ஆட்டோவைக் கேட்டால், “பஸ் ஸ்டாண்டுக்கா? இந்தா இருக்கே, நடந்தே போயிடலாமேம்மா” என்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அந்தத் தூரத்துக்கு என்ன கேட்பார்கள். சக்கரம் வைத்த பெட்டி வழவழத் தரையில்தான் ஓடுகிறது, நனைந்த ரோட்டு ஓரத்தில் கல்லுக்குக் கல் முரண்டு பிடிக்கிறது. கடைசியில் பெட்டியை ஒரு டீக்கடையில் வைத்துவிட்டு முதலில் அத்தையைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்தேன், பிறகு திரும்பி வந்து பெட்டியை எடுத்துப் போனேன். தனியாக வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

எத்தனை மீட்டர் என்பது ஒரு கணக்கே இல்லை. நடக்கப்போவது யார், கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்:

அக்கா, ஊட்டியாவது பரவாயில்லை. எங்கள் குன்னூருக்கு வந்து பாருங்கள். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் மூன்றும் லோயர் குன்னூரில் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன, நடுவில் ரயில்வே கேட். நான் வேலைக்கு அருவங்காடு போகிறவன், மழைக்காலத்தில் பஸ்ஸை விட ரயிலே மேல் என்று அதில்தான் போவேன். பஸ்ஸில் வந்து இறங்கி ரயில் பிடிக்கப் போனால் கேட் போட்டிருக்கும். எதற்காகப் போட்டிருக்கிறது? நான் பிடிக்க வேண்டிய ரயிலுக்காகத்தான்!

ஒரு நாள் கீழே இருந்து வந்த ஒருவர், தோளில் குழந்தை, இரண்டு கையிலும் பை, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தார். சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் சத்தம் போட்டோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, “அந்த ரயிலுக்குத்தான் சார் போறேன், நான் போகாம அது எங்க போகும்” என்று எங்களிடமே சண்டை. பக்கத்தில் நின்ற காய்கறிக்காரம்மாதான் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு சமாதானம் சொன்னார். அவசரப்படவே தேவையில்லை, ஏனென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற வண்டி குன்னூரில் வந்த வேகத்தில் கிளம்பாது. மலை அடிவாரத்துக் கல்லாறிலிருந்து, தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள பல்தண்டைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்த நீராவி இன்ஜினைக் கழற்றி, டீசல் இன்ஜின் மாட்டி, கொஞ்ச தூரம் பின்னால் போய்விட்டுத்தான் ஊட்டிப் பக்கம் ஏறும். ஆற அமர டீயே குடிக்கலாம். ஆனால் குன்னூரிலேயே கிளம்பும் வண்டி என்றால் இந்தச் சலுகை கிடையாது, முன்கூட்டியே கேட்டைத் தாண்டிவிடுங்கள்.

இறங்கி அப்பர் குன்னூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இருக்கிற பெட்போர்டுக்கு இவ்வளவு நிமிஷம் என்று போனில் காட்டுவதை நம்பாதீர்கள். போனுக்கு மேடு தெரியாது. ஷேர் ஆட்டோவோ மினி பஸ்ஸோ பாருங்கள்.

கேத்தி:

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கேத்தி ஊர்க் கதை வேறு. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இறக்கம், சாயங்காலம் சுகமாகப் போய்விடலாம், காலையில் ரயிலைப் பிடிக்க ஏறும்போதுதான் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை காட்டெருமை. தேயிலைக்குள் இருந்து வந்து பாதையில் நின்றுவிட்டால் ரயில் ஊதினாலும் சரி, நாம் கெஞ்சினாலும் சரி, அது நகர்ந்தால்தான் வழி. ஹார்ன் அடிக்காமல், கல் எறியாமல், தள்ளி நின்று காத்திருப்பதுதான் ஒரே வழி. ஆபீஸில் லேட்டுக்கு இதைக் காரணமாகச் சொன்னால் கீழ்நாட்டு மேனேஜர் நம்ப மாட்டேன் என்கிறார்.

மேட்டுப்பாளையத்து மருமகள்:

ஊட்டிக்காரி அக்கா, எங்கள் ஊரில் மாறுவது சுலபம் என்று எழுதிவிட்டீர்கள், ரயில் ஓடுகிற நாளில் சரிதான். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். ராத்திரி மழைக்குக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்து பாதை மூடினால் காலை வண்டி ரத்து. அப்போது எக்ஸ்பிரஸில் வந்த கூட்டம் முழுக்கத் தூக்கக் கலக்கத்தோடு பெட்டியும் குடையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் படை எடுக்கும். தூரம் அதிகமில்லை, ஆனால் விடிந்தும் விடியாத நேரம், லாரி வேறு. முன்னால் போகிறவர்கள் சீட் பிடித்துவிடுவார்கள், வயசானவர்களோடு வருகிறவர்கள் மலை முழுக்க நின்றுகொண்டே போக வேண்டியதுதான். என் மாமனார், மாமியார் வந்தபோது நான் இவரை முன்னால் ஓடவிட்டுத் துண்டு போட்டு இடம் பிடித்தேன், நாகரிகமில்லைதான், வேறு என்ன செய்வது? குன்னூர் வழி பஸ்ஸா, கோத்தகிரி போகிறதா என்று ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வந்த பிறகு காரைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு பாஸ் வேண்டாம், அந்தக் கேள்வியைத் தினமும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள்.

இறங்கும்போதும் இதே கதைதான். ஊட்டியில் 2 மணிக்கு ஏறினால் இங்கே ஐந்தரை மணி வாக்கில் வந்து சேரும், சென்னை வண்டி ஒன்பது மணிக்கு மேல். அந்த இடைவெளியில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஊருக்குள் அலையாதீர்கள், ஒருவர் பெட்டிகளோடு ஸ்டேஷனிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு அவருக்கு இட்லி கட்டிக்கொண்டு வரலாம். ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே இறங்கினதுமே வேர்க்க ஆரம்பித்துவிடும்.