மறு: ஆற்றுச் சல்லடையில் கிடைக்கும் புதைபடிவங்கள் – ‘இடம்பெயர்’ போதாது, இரண்டு சொற்கள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘ரீவொர்க்டு ஃபாசில்’ என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தேன். பழைய அடுக்கில் புதைந்து கல்லாகி, பின்னர் அரிக்கப்பட்டு வெளியே வந்து வேறிடம் சேர்ந்த புதைபடிவத்தைத்தான் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். வந்த பரிந்துரைகள் அனைத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஃப்ளோரிடாவின் பீஸ் ஆற்றில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். இங்குள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அடையாளக் கையேட்டில் அச்சேறப் போகிற சொல் இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

> ‘இடம்பெயர் புதைபடிவம்’ என்றாலே போதுமே. ஆறு அதை இடம் பெயர்த்திருக்கிறது. எளிய சொல் கையில் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்?

ஐயா, முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். பார்ட்டோ அருகே தொடங்கி வச்சூலா, ஆர்க்கேடியா வழியாகத் தெற்கே ஓடி சார்லட் ஹார்பர் கழிமுகத்தில் சேரும் ஆறு இது. இலைதழைகளின் துவர்ப்பு ஊறித் தண்ணீர் தேயிலைச் சாற்று நிறத்தில் இருக்கும். குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மழை குறைந்து முழங்கால், இடுப்பளவுக்கு இறங்கும்போது, சரளை தட்டுப்படும் இடத்தில் மண்வெட்டியால் அள்ளிக் கால் அங்குலக் கண் சல்லடையில் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே ஆட்டுவார்கள். மணல் இறங்கிவிடும். கருப்புக் கற்களுக்கு நடுவே பற்களும் எலும்புகளும் நிற்கும்.

ஒரே அள்ளலில் மெகலடான் சுறாவின் பல்லும் மாமத் யானையின் கடைவாய்ப்பல் துண்டும் வரலாம். மெகலடான் ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. மாமத் வட அமெரிக்காவில் கால் வைத்ததே அதற்கு வெகு பின்னால், பனியுகம் எனப்படும் ப்ளைஸ்டோசீன் காலத்தில். இரண்டும் ஒருபோதும் சந்தித்ததில்லை. ஒன்று கடலில் வாழ்ந்தது, மற்றது புல்வெளியில் மேய்ந்தது. ஆற்றின் கரையிலும் அடியிலும், ப்ளைஸ்டோசீனுக்கு முந்தைய மயோசீன், ப்ளையோசீன் காலத்துப் பாஸ்பேட் படுகைகள் இருக்கின்றன. 1880களில் இந்த ஆற்றுச் சரளையில் பாஸ்பேட்டைக் கண்டுபிடித்துத் தோண்டத் தொடங்கியதும் இவற்றின் பொருட்டுத்தான். அவற்றின் மேல் ப்ளைஸ்டோசீன் மண். ஆறு இரண்டையும் வெட்டி, இரண்டிலிருந்தும் உதிர்ந்ததை ஒரே பள்ளத்தில் குவிக்கிறது.

பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, “அப்படியானால் மெகலடான் யானையைத் தின்றதா?” என்பதுதான். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை, நாம் ஆக்கும் சொல்லிலேயே பாதியாவது இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

‘இடம்பெயர்’ என்பதில் அந்தப் பாதி இல்லை. அதற்கு உங்கள் பக்கத்திலிருந்தே சான்று தருகிறேன். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை நீங்களே மாணவர்களோடு போய்ப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். 18 மீட்டர் நீளத் தண்டு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தில் நிலத்தில் வளர்ந்த மரம், அடித்துச் செல்லப்பட்டுக் கடலுக்குப் போய், கடலடி வண்டலில் புதைந்து கல்லானது. அது இடம்பெயர்ந்ததுதான். ஆனால் பெயர்ந்தது புதைவதற்கு முன்னால். மரத்தின் காலமும் அதைச் சுற்றியுள்ள பாறையின் காலமும் ஒன்றேதான். பீஸ் ஆற்றுச் சுறாப்பல்லோ முதலில் புதைந்து, கல்லாகி, பல இலட்சம் ஆண்டுகள் கிடந்து, பிறகு அரிக்கப்பட்டு வெளியே வந்தது. இரண்டையும் ‘இடம்பெயர்’ என்ற ஒரே பெயரில் அடைத்தால், நாம் காட்ட வேண்டிய வேறுபாடே மறைந்துபோகும். சாத்தனூர் மரத்துக்கு ‘இடம்பெயர்’ சரியான சொல். அதை அதற்கே விட்டுவைப்போம்.

> ‘மறுசுழற்சிப் படிவம்’, ‘மீள்படிவு’ – இவற்றில் ஒன்று?

தம்பி, ‘மறுசுழற்சி’ இன்று நெகிழிப் புட்டியோடும் காகிதத்தோடும் ஒட்டிவிட்ட சொல். உருக்கி வேறொன்றாக்குவது என்ற எண்ணம் அதில் வந்துவிடுகிறது. இங்கே பல் பல்லாகவே இருக்கிறது. ‘மீள்படிவு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் படிவு வேறு, படிவம் வேறு. படிவு என்பது படிந்த வண்டல், படிவம் என்பது உருவம். கரைந்த சுண்ணாம்பு திரும்பப் படிந்தாலும் மீள்படிவுதான். மணல் திரும்பப் படிந்தாலும் மீள்படிவுதான். அதை வண்டலியலுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

இதில் இரண்டு நிலைகள் கலந்துகிடக்கின்றன என்பதைக் குழுவில் யாரும் இன்னும் பிரித்துப் பேசவில்லை. ஆங்கிலத்திலும் பொழுதுபோக்காகத் தேடுவோர் இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள்.

ஒன்று: பழைய பாறையிலிருந்து உதிர்ந்து, இன்றைய ஆற்றுப் படுகையில், கரையோரத்தில், தனியாகக் கிடப்பது. ‘ஃப்ளோட்’ என்பார்கள். நம் சல்லடையில் நிற்பதில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டு: அப்படி உதிர்ந்தது இன்னோர் இளைய அடுக்குக்குள் மறுபடி புதைந்து, அந்த அடுக்கின் சொந்தப் பொருள்போலவே தோன்றுவது. கறாராகச் சொன்னால் ‘ரீவொர்க்டு’ என்பது இதைத்தான். அறிவியலில் பெரிய குழப்பங்களை உண்டாக்கியதும் இதுவே. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பக் க்ரீக் என்ற இடம். அங்கே ஆற்றுக் கால்வாய் வண்டலைச் சல்லடையில் கழுவியபோது டைனோசர் பற்களும், டைனோசர் காலத்துக்குப் பிந்தைய சாயல் கொண்ட பாலூட்டிகளின் குட்டிப் பற்களும் சேர்ந்தே வந்தன. பாலூட்டிகள் டைனோசர்கள் இருக்கும்போதே பெருகிவிட்டனவா, டைனோசர்கள் அழிந்ததாகக் கொள்ளப்படும் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எல்லையைத் தாண்டியும் வாழ்ந்தனவா என்று நீண்ட விவாதம் நடந்தது. எல்லைக்குப் பிந்தைய ஆறு ஒன்று பழைய கிரெடேசியஸ் மண்ணை வெட்டி, அதிலிருந்த டைனோசர் பற்களைத் தன் வண்டலில் மறுபடி புதைத்திருக்கிறது என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. இறந்த பிறகும் நடமாடுவதாகத் தோன்றும் இத்தகைய உயிரினத்துக்கு ‘ஜாம்பி டாக்ஸான்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டாவதற்கு என் பரிந்துரை: மறுபுதைபடிவம்.

மறுநடவு, மறுபிறப்பு போல. ‘புதை’ என்ற வினை அதில் உயிரோடு இருப்பதால் “இந்தப் பல் மறுபுதைந்தது”, “மறுபுதைவுக்கு அடையாளம் தேய்ந்த விளிம்பு” என்று வாக்கியத்தில் எளிதாக வளைக்கலாம். கலைச்சொல் பெயர்ச்சொல்லாக மட்டும் நின்றுவிட்டால், எழுதுகிறவர் இரண்டாவது வரியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

முதலாவதற்கு, ஆறு கொண்டுவந்து போட்டதற்கு, யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதுதான் எனக்கு வழி காட்டியது.

> எங்கட ஊரில சல்லடையை அரிதட்டு எண்டுதான் சொல்லுவம். அரிசி அரிக்கிறது, மண் அரிக்கிறது எல்லாம் ஒரே சொல் தானே. ‘அரி’யை வைத்து ஒண்டு செய்யலாமே?

அக்கா, அருமையான பிடி. ஆறு கரையை அரிக்கிறது, நாம் சரளையை அரிக்கிறோம். ‘அரிபடிவம்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அரிக்கப்பட்டுத் தேய்ந்த படிவம் என்று கேட்கிறது. கரையிலிருந்து அன்றைக்குத்தான் உதிர்ந்த பல், ரம்ப விளிம்பு கூர் மழுங்காமல் இருக்கும். அதை ‘அரி’ என்றால் பொய்யாகும்.

அதனால் அதற்கு அடுத்த வீட்டுச் சொல்லை எடுத்தேன்: கொழித்தல். முறத்தில் தானியத்தைக் கொழிக்கிறோம். ஆறு மணலைக் கரையில் கொழித்து ஒதுக்குகிறது. மணி கொழிக்கும் ஆறு, பொன் கொழிக்கும் ஆறு என்று நம் பழைய பாட்டுகள் ஓயாமல் சொல்லும். ஆறு செய்வதையும் சலிப்பவர் செய்வதையும் ஒரே வினை சொல்லிவிடுகிறது. ஆகவே கொழிபடிவம். வினைத்தொகை, கொழிமணல் போல. நடுவில் ஒற்று மிகாது.

‘செல்வம் கொழிக்கும்’ என்ற இன்றைய பொருள் குறுக்கிடாதா என்று சிலர் கேட்பீர்கள். குறுக்கிடாது என்றே நினைக்கிறேன். ‘படிவம்’ பின்னால் வந்ததும் காது ஆற்றுக்குத் திரும்பிவிடும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் இல்மனைட், மோனசைட் மணலுக்கும் இந்த வினை பொருந்தும் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் கவனியுங்கள்.

தமிழ் வீடுகளுக்கு நெருக்கமான கொழிபடிவம் ஒன்று ஏற்கனவே உண்டு. பூசை அறையில் இருக்கும் சாளக்கிராமம். நேபாளத்தின் காளி கண்டகி ஆறு, ஜுராசிக் காலக் கடலடிச் சேற்றிலிருந்து உண்டான கருப்புப் பாறையை வெட்டி, அதிலுள்ள உருண்டைகளை உருட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே சுருள் சுருளாக இருப்பது அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு. சக்கரம் என்று வணங்கப்படுவதும் அதுவே. இமயமலைக்கு நடுவே ஓடும் நன்னீர் ஆற்றில் கடலுயிரியின் ஓடு எப்படி வந்தது என்பதற்கும் பீஸ் ஆற்றில் சுறாப்பல் எப்படி வந்தது என்பதற்கும் விடை ஒன்றுதான். கையேட்டில் முதல் எடுத்துக்காட்டாகச் சாளக்கிராமத்தையே வைக்கப் போகிறேன்.

இன்னொரு வசதி. இலங்கைப் பாடநூல் வழக்கில் ஃபாசிலுக்கு உயிர்ச்சுவடு. தமிழ்நாட்டில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம். எது சரி என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. முன்னொட்டை வினையாக வைத்தால் எதனோடும் சேரும்: கொழிசுவடு, கொழியெச்சம்.

> சரி, பிள்ளைகள் எப்படி அடையாளம் காண்பார்கள்? நிறத்தை வைத்தா?

நிறத்தை வைத்து வேண்டவே வேண்டாம். இந்த ஆற்றில் பாஸ்பேட்டும் துவர்நீரும் எல்லாவற்றையும் கருக்கவைக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் செத்த பசுவின் எலும்பும் காப்பி நிறத்தில்தான் வரும். நிறம் எந்த மண்ணில் கிடந்தது என்பதைச் சொல்லும், எவ்வளவு காலம் என்பதைச் சொல்லாது. தேய்மானமும் அப்படியே. உருண்ட தூரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. ஆய்வகத்தில் என்றால், எலும்பு புதைந்திருந்தபோது மண்நீரிலிருந்து உறிஞ்சிய அருமண் தனிமங்களின் விகிதத்தை ஒப்பிட்டு, இரண்டு எலும்புகள் ஒரே மண்ணில் ஊறியவையா என்று பார்க்கிறார்கள். ஆற்றங்கரையில் நமக்கு இருப்பது உருவம் மட்டுமே.

உருவத்துக்குப் பெயர் சொல்ல நம் கடலோர மீனவர் சொற்களே போதும். திருக்கையின் பல்தட்டு: வரிவரியாகச் சீப்புப்போல் இருக்கும். திருக்கை முள்: இரு ஓரமும் பின்னோக்கிய கொக்கிகள். பேத்தை மீனின் வாய்த்தட்டு: அடுக்கடுக்காகத் தகடுகள். கனமான, வாழைப்பழம்போல் வளைந்த, உள்ளே துளையே இல்லாத விலா எலும்பு அடிக்கடி கிடைக்கும். அது கடற்பசுவினுடையது. பாக் நீரிணையில் இன்றும் மேயும் ஆவுளியாவின் குடும்பம். ஆகவே ‘ஆவுளியா விலா’ என்றே எழுதிவிட்டேன்.

சுறாப்பல்லில் விளிம்பைப் பார்க்க வேண்டும். ரம்பப்பல் இல்லாமல் ஆங்கில ‘T’ எழுத்துபோல் நின்றால் லெமன் சுறா. ஒரு பக்கம் ஆழமாகக் குழிந்து, சேவல் கொண்டைபோல் வளைந்திருந்தால் புலிச்சுறா. ரம்பம் பெரிதாக இருந்தும் நுனிவரை போகாமல் நின்றுவிட்டால், ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்ற அழிந்துபோன சுறா. வேருக்கும் பல்லுக்கும் இடையே கருத்த பட்டை ஒன்று, விளிம்பு முழுக்க நுண்ரம்பம் என்றால் மெகலடான். அந்தப் பட்டைக்குக் ‘கழுத்துப்பட்டை’ என்று வைத்திருக்கிறேன். யானைப் பற்களில் தட்டுத்தட்டாக அடுக்கியது மாமத், குமிழ்குமிழாக எழுந்தது மாஸ்டடான்.

ஒரு வேண்டுகோள்: அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த பெரிய பாலூட்டியான தரைவாழ் ஸ்லாத்தைத் ‘தேவாங்கு’ என்று எழுதாதீர்கள். தேவாங்கு நம் காட்டில் இருக்கும் வேறு விலங்கு. ஸ்லாத் என்றே இருக்கட்டும்.

அடையாளம் காண்பது இங்கே சட்டத்தையும் தொடுகிறது. ஃப்ளோரிடாவில் அரசு நிலத்திலும் ஆற்றுப் படுகையிலும் முதுகெலும்பிப் புதைபடிவங்களை எடுக்க, கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சுறாப்பல்லுக்கும் சிப்பி, தாவரப் படிவங்களுக்கும் விலக்கு உண்டு. முதலைப் பல்லுக்கு விலக்கு இல்லை. பழங்குடியினர் செதுக்கிய கல்முனை வந்தால், அந்தச் சீட்டு இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது.

கையேட்டில் ஒவ்வொரு கண்டெடுப்புக்கும் ஓர் அட்டை. அதில் ‘உயிர் வாழ்ந்த காலம்’ ஒரு கட்டம், ‘கிடைத்த இடத்தின் காலம்’ தனிக் கட்டம். இரண்டும் ஒன்றானால் புதைபடிவம். இன்றைய ஆற்றுச் சரளையில் கிடந்தால் கொழிபடிவம். கரைச்சுவரில், ப்ளைஸ்டோசீன் அடுக்குக்குள்ளேயே சுறாப்பல் பதிந்திருந்தால் மறுபுதைபடிவம். அந்த மூன்றாவதைக் கண்டால் தோண்டாமல் படம் மட்டும் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். அது பதிந்திருக்கும் நிலைதான் சான்று.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. அர்மடில்லோ (உடலில் கவசம் கொண்ட அமெரிக்கப் பாலூட்டி), முதலை போன்றவற்றின் தோலுக்குள் வளரும் எலும்புத் தகடு, ‘ஆஸ்டியோடெர்ம்’. ஹோல்மசினா என்ற, அர்மடில்லோவை ஒத்த மாபெரும் விலங்கினுடையது இங்கே சல்லடையில் நிறைய நிற்கும். ‘தோலெலும்பு’ என்று எழுதினால் எலும்பும் தோலுமாக என்ற வழக்கு வந்து மெலிவைச் சொல்லிவிடுகிறது. ‘தோலென்பு’ இலங்கையில் செல்லும், தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ‘என்பு’ புரியுமா? ‘செதிலெலும்பு’ என்றால் மீன் செதிலோடு குழப்பம். கையேட்டை அச்சுக்கு அனுப்ப இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. முதலைத்தோல், எறும்புண்ணி ஓடு இவற்றைக் கையாண்ட பழைய சொல் ஏதேனும் உங்கள் ஊரில் இருந்தால், எவ்வளவு கொச்சையானாலும் சரி, எழுதுங்கள்.

அன்புடன்,
தாம்பாவிலிருந்து