ஜூன் 6 நார்மண்டி நினைவு நாள்: வில்லிஸ் ஜீப்பில் கான்வாயோடு போக என்ன தயாரிப்பு?

கேள்வி: சாலைமறவன்

வணக்கம். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கியதன் நினைவாக, பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள் வரும் ஜூனில் அங்கே போகும் கான்வாயில் (வண்டி அணிவரிசையில்) எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. வண்டி 1943 வில்லிஸ் எம்பி. உரிமையாளர் கூட வேலை பார்க்கும் ஆங்கிலேயர். பாதி தூரம் நான் ஓட்ட வேண்டும் என்கிறார். போர்ட்ஸ்மவுத்திலிருந்து உயிஸ்ட்ரஹாமுக்குக் கப்பல், அதன் பிறகு ஐந்து நாள் கடற்கரை ஊர்கள். ஊரில் மகிந்திரா சிஜே3பி ஓட்டிய பழக்கம் உண்டு. என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட், பிரிட்டனில் வேலை விசா.

என் கேள்விகள்: சிஜே3பிக்கும் இதற்கும் ஓட்டுவதில் என்ன வித்தியாசம்? எந்த உதிரி பாகங்களைக் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும்? அந்தக் கால ராணுவச் சீருடை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், போடலாமா? நினைவு நிகழ்ச்சிகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில் 1: கார்புரேட்டர்

சிஜே3பி ஓட்டியவருக்குக் கை சீக்கிரம் பழகிவிடும். இரண்டும் 134 கன அங்குலம், அதாவது 2,199 சிசி, நான்கு சிலிண்டர். எம்பியின் கோ டெவில் இன்ஜினில் எல்லா வால்வும் பிளாக்கிலேயே இருக்கும். சிஜே3பியின் ஹரிக்கேனில் இன்டேக் வால்வு ஹெட்டுக்கு ஏறிவிட்டது, அதனால் அது கொஞ்சம் கூடுதல் பலம். எம்பி 60 குதிரைத்திறன்தான். ஸ்டியரிங் இடது பக்கம். ஸ்டார்ட்டர் காலால் மிதிக்கும் சுவிட்ச். மூன்று கியர், முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகு முதல் கியர் போடுங்கள், இல்லையென்றால் இரட்டை கிளட்ச், அதாவது நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு, மறுபடி மிதித்து கியர் போடுவது.

வேகம் மணிக்கு 70 கி.மீ. போதும். அந்த வேகத்தில் இன்ஜின் 2,600 சுற்று வாக்கில் இருக்கும், நாள் முழுக்க ஓடும். 90-க்கு விரட்டினால் ஓடத்தான் செய்யும், ஆனால் பிரேக் அந்த வேகத்துக்கானதல்ல. நாலு டிரம், ஒற்றை சர்க்யூட். ஒரு குழாய் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் நாலு வீல் சிலிண்டரையும் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அந்த சிலிண்டரை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிஸ்டத்தில் இருப்பது டாட் 4-ஆ, சிலிகான் டாட் 5-ஆ என்று உரிமையாளரிடம் கேட்டு, அதே ஆயிலில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

நெடுஞ்சாலையைவிட ஊர்வலம்தான் வண்டியைப் பாடாய்ப் படுத்தும். ஆள் நடக்கிற வேகத்தில் வரிசையாகப் போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. முதல் கியரில் ஐடிலில் விட்டால் வண்டி 6 கி.மீ. வேகத்தில் தானாக நகரும். முன்னால் இடைவெளி விழட்டும், பிறகு கிளட்ச்சை முழுதாக விட்டு நகருங்கள். பாதி கிளட்ச்சில் ஊர்ந்தால் ஒரே ஊர்வலத்தில் பிளேட் கருகும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் துணை கியர்) போடலாமே என்று தோன்றும். எம்பியில் முன் அச்சை இணைத்தால்தான் லோ விழும், தார் ரோட்டில் அப்படித் திரும்பினால் அச்சுகள் முறுக்கிக்கொண்டு, லீவரைத் திரும்ப எடுக்கவே முடியாது. புல்வெளிக்கும் மணலுக்கும்தான் அது.

அடுத்தது பெட்ரோல். எம்பியில் பெட்ரோல் பம்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். இன்றைய பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஊர்வலம் முடிந்து பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால், இரண்டு உறுமு உறுமிவிட்டுச் செத்துவிடும். பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டு, அடியில் இருக்கும் கை லீவரால் நாலைந்து தடவை அடித்தால் எழும்பும். ஈரத் துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பிரான்சில் எஸ்பி98 வகைப் பெட்ரோல் போடுங்கள், அது இ5, அதாவது எத்தனால் 5 சதவீதம் வரைதான். எஸ்பி95-இ10-இல் எத்தனால் கூடுதல். பழைய பம்ப் டயாஃப்ரத்தை (உள்ளே இருக்கும் சவ்வை) அது ஊறவைத்து மென்மையாக்கிவிடும். டேங்கில் ஒட்டியிருக்கும் பழைய பிசினையும் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். ஃபயர்வாலில் இருக்கும் அந்த ஃபில்டரின் அடித் திருகைத் தினமும் காலையில் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ துருவோ தெரிந்தால் சுத்தமாகும்வரை விடுங்கள்.

உதிரி: பாயின்ட் செட், ரோட்டர், இரண்டு கண்டன்சர், 6 வோல்ட் காயில், பிளக் ஒரு செட், பம்ப் டயாஃப்ரம் கிட் (எத்தனால் தாங்கும் வகை), ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், வாட்டர் பம்ப், 6.00-16 டியூப் இரண்டு, 6 வோல்ட் பல்புகள். பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030, ஃபயரிங் வரிசை 1-3-4-2. குளிர்ந்த இன்ஜின் நன்றாக ஓடி, சூடானதும் தடுமாறி, ஆறினால் மறுபடி சரியாகிறதென்றால் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள், முதலில் கண்டன்சரை மாற்றுங்கள். 6 வோல்ட் பல்புகள் போதாது என்பதால் இரவுப் பயணத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 2: ஆறுசக்கரம்

கார்புரேட்டர் சொன்னதில் சக்கரம் விட்டுப்போயிற்று. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் தனியாக எழுதுகிறேன்.

எம்பியில் பெரும்பாலும் காம்பாட் ரிம்தான். இரண்டு பாதியாக வந்து, சுற்றிலும் எட்டு நட்டால் சேர்ந்திருக்கும். நடுவில் ஹப்போடு பிடிக்கும் நட்டு ஐந்து. பஞ்சர் அவசரத்தில் தெரியாதவர் அந்த எட்டில் கை வைத்தால், உள்ளே காற்று இருக்கும்வரை அது வெடிகுண்டுக்குச் சமம். பாதி ரிம் முகத்துக்கு நேராகப் பறக்கும். சக்கரத்தைக் கழற்றக் கழற்ற வேண்டியது நடு ஐந்தை மட்டும். டியூப் மாற்ற ரிம்மைப் பிரிக்கும் வேலை வந்தால், முதலில் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் போனதா என்று பார்த்த பிறகே எட்டைத் தொட வேண்டும். இடது பக்கச் சக்கரங்களின் ஹப் நட்டுகளுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாகக் கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். வலது மரை என்று நினைத்து நீள் குழாய் மாட்டி மிதித்து ஸ்டட்டை முறிப்பவர்கள் ஏராளம். காற்று 30 முதல் 35 பிஎஸ்ஐ.

கப்பலைப் பற்றி: டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், 57 லிட்டர். நிரம்ப ஊற்றி ஏற்றினால் கப்பல் ஆட்டத்தில் மூடி வழியே கசிந்து தளம் முழுக்க நாறும், ஊழியர்கள் விடமாட்டார்கள். முக்கால் டேங்க் போதும். ஜெர்ரிகேன் காலியாக இருக்க வேண்டும், அந்தப் பக்கம் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை டிரம்மை. அங்கே ஆயில் கசிந்தால் பிடிக்கவே பிடிக்காது. கியரில் விட்டு, இரண்டு மரக் கட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டு மேலே போங்கள்.

கான்வாயில் யாராவது ஜிஎம்சி லாரியைக் கொஞ்ச நேரம் ஓட்டு என்று கொடுத்தால் வாங்காதீர்கள். 1960-க்கு முந்தைய லாரியைச் சரக்கில்லாமல் சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டும் சலுகை பிரிட்டனுக்குள்தான். பிரான்சில் 3.5 டன்னுக்கு மேல் லாரி லைசென்ஸ் வேண்டும்.

பதில் 3: வடமராட்சியான்

தம்பி, வண்டியை விட முதலில் விசாவைப் பாருங்கோ. பிரிட்டன் வேலை விசா இருந்தாலும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குப் பிரான்ஸ் போக ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முதல் விண்ணப்பிக்கலாம், குறைஞ்சது 15 நாளுக்கு முதல் கொடுத்திருக்க வேணும். ஆனால் மே மாதத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், ஜனவரி பெப்ரவரியிலேயே அலுவலைத் தொடங்குங்கோ. கப்பல் டிக்கெட், தங்குமிட உறுதி, பயணக் காப்புறுதி, வேலையிடக் கடிதம் எல்லாம் வேணும். முகாமில் கூடாரத்தில் தங்குவதென்றால் அந்த முகாம் நடத்துபவரிடம் உங்கள் பெயரில் கடிதம் வாங்குங்கோ. உரிமையாளரின் பெயரில் மட்டும் பதிவு இருந்தால் உங்களுக்குத் தங்குமிடம் இல்லை என்றுதான் விசா அலுவலகம் எடுக்கும்.

வண்டிக்கு வி5சி (பிரிட்டிஷ் வாகனப் பதிவுச் சான்று) மூலப் பிரதி, காப்புறுதியில் உங்கள் பெயர், நீங்கள் ஓட்டலாம் என்று உரிமையாளரின் ஒரு கடிதம், யூகே ஸ்டிக்கர், ஒளிரும் மேலங்கி, எச்சரிக்கை முக்கோணம். பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டெம்பரோடு செல்லாது. ரோட்டு உதவிக் காப்புறுதி எடுக்கும்போது வண்டியின் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கோ, பல காப்புறுதிகள் குறிப்பிட்ட வயதுக்கு மேல் எடுப்பதில்லை.

பாதை: உயிஸ்ட்ரஹாமில் இறங்கி ஐந்து கி.மீ. உள்ளே போனால் பெனூவில், பெகாசஸ் பாலம். 1944 ஜூன் 6 நள்ளிரவு தாண்டியதும் கிளைடரில் வந்தவர்கள் பிடித்த பாலம் அது. அசல் பாலம் இப்போது பக்கத்து அருங்காட்சியக வளவில் நிற்கிறது. பிறகு டி514 கடற்கரை வீதியைப் பிடித்து அரோமான்ஷ் வரை போங்கோ, 70-இல் ஓட அதுதான் தோதான வீதி. என்13 பெருந்தெருவில் வேக எல்லை 110. லொறிகள் பின்னால் வந்து நெருக்கும், ஜீப்புக்கு அது ஆபத்து.

சுற்று ஆண்டுகளில், 2024-இல் 80-ஆவது ஆண்டு வந்த மாதிரி, நாட்டுத் தலைவர்கள் வருவார்கள், ஜூன் 6 அன்று கரையோர வீதிகள் பாஸ் இல்லாத வண்டிக்கு மூடப்படும். மற்ற வருடங்களிலும் அந்தந்த ஊர் மேரியின் (நகரசபை அலுவலகத்தின்) அறிவித்தலைப் பார்த்துவிட்டுப் போங்கோ.

சாலைமறவன்

மிக்க நன்றி. விசா விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. இன்னும் இரண்டு: 6-ஆம் தேதி காலை மணலில் இறங்கலாம் என்று குழுவில் பேச்சு. சீருடையைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 4: கல்லறைக்காவல்

மணல்: பிரான்சில் கடற்கரையில் மோட்டார் வண்டி ஓட்டுவது சட்டப்படி தடை. முன்கூட்டி அனுமதி வாங்கிய நிகழ்ச்சிக்கு மட்டும் விலக்கு. உங்கள் குழுவின் கையில் அந்த அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கடல் மட்ட அட்டவணையைப் பாருங்கள். அந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், மணல் தட்டை என்பதால் தண்ணீர் வேகமாக உள்ளே வரும். ஈரமாகவும் கெட்டியாகவும் இருக்கும் பகுதியில் மட்டும் ஓட்டுங்கள். மேலேறும் இடத்து உலர்ந்த மணலில்தான் ஜீப் புதையும். அங்கே போவதற்கு முன்பே நாலு சக்கர இயக்கத்தையும் லோவையும் போட்டுவிட வேண்டும். தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் டிரம்முக்குள் போனால் அடுத்த நாள் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பாகம், டிரம் பின்தகடு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழுவி, கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதிது அடியுங்கள்.

சீருடை: போடலாம். ஆனால் பதவிச் சின்னமும் பதக்கமும் உங்களுடையதில்லை என்றால் வேண்டாம், உரிமையில்லாமல் பதக்கம் அணிவது அங்கே குற்றமும்கூட. பிரிட்டிஷ் வழக்கப்படி தாத்தாவின் பதக்கத்தைப் பேரன் வலது மார்பில் அணியலாம். தாத்தா இந்தியப் படையில் பர்மாவிலோ இத்தாலியிலோ இருந்தவர் என்றால் அதைத் தயங்காமல் அணியுங்கள். ஜெர்மன் சீருடை போட்டவர் யாரும் உங்கள் வண்டியில் ஏறக் கூடாது. செயலிழக்கச் செய்த துப்பாக்கிக்கும் பிரான்சில் காகிதம் வேண்டும், அதைக் கப்பலில் ஏற்றுவதே சிக்கல். வண்டியில் ஆயுதம் என்று எதுவும் இல்லாமல் போவது நல்லது.

நார்மண்டியில் அந்தக் கோடையில் செத்த பொதுமக்கள் சுமார் 20,000 பேர். அதில் பெரும் பகுதி நேச நாட்டுக் குண்டுவீச்சில். உங்கள் ஜீப்பைப் பார்த்துக் கையசைக்கும் பாட்டியின் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். அதனால் ஊருக்குள் ஹார்ன் அடித்துக் கூத்தடிக்க வேண்டாம். நினைவுச் சின்னத்தின் முன்னால் வண்டியை மறித்து நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே வந்து, வெளியேறும் திசையில் மூக்கை வைத்து நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ளிக்கொண்டு போகவும் அது வசதி. பிரெஞ்சு நிகழ்ச்சியில் மலர்வளையம் வைத்ததும் 'சொனெரி ஓ மோர்' என்ற, இறந்தவர்களுக்கான எக்காள இசையை ஊதுவார்கள், பிறகு ஒரு நிமிட மௌனம், அதன் பிறகு நாட்டுப்பண். பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் லாஸ்ட் போஸ்ட் எக்காள இசை, இரண்டு நிமிட மௌனம், பிறகு ரெவெய்லி என்ற எழுப்பு இசை. முதல் ஊதலிலேயே தொப்பி கையில், பேச்சு நின்றுவிட வேண்டும். கொடி பிடித்து நிற்கும் முதியவர்களுக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். சல்யூட் சீருடைப் பணியில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் உரியது, நாம் நிமிர்ந்து நின்றால் போதும்.

கல்லறைத் தோட்டங்களுக்கு அந்தக் கால உடையில் போக வேண்டாம். சாதாரண கோட்டு ஒன்று வண்டியில் இருக்கட்டும். பாயோ போர்க் கல்லறையில் 4,600-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஜெர்மானியர்களும் அதில் உண்டு. வெர்-சுர்-மெர் பிரிட்டிஷ் நினைவகத் தூண்களில் 22,442 பெயர்கள். இரண்டுக்கும் தனித்தனி அரை நாள் வையுங்கள். ஊர்வலங்களுக்கு நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்த்துவிட்டு வரும் இடங்கள் அல்ல அவை.

பதில் 5: கார்புரேட்டர்

ஆறுசக்கரம் சொன்ன இடது மரைக்கு ஒரு சேர்க்கை: கிளம்புவதற்கு முன் உரிமையாளரோடு சேர்ந்து நாலு சக்கரத்தையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். பிரேக் டிரம் மாற்றிய வண்டிகளில் சில சமயம் இடது பக்கமும் வலது மரை ஸ்டட் போட்டிருப்பார்கள். எந்தச் சக்கரத்துக்கு எந்த மரை என்று டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.